பழைய ஹெரால்டை கட்டுப்படியாகும் செலவில் ஓட வைப்பது: கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வீட்டுக் கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை (பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டை நம் நாட்டில் இந்தப் பெயரில் செய்தார்கள்) மறுபடி சாலையில் ஓட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயின்ட், குரோம், சீட் துணி பற்றி இதில் ஒன்றும் இல்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் மட்டும்தான். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கும் அதிர்ஷ்டசாலிக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். ஹெரால்டின் அடித்தளத்தைக் குட்டையாக்கித்தான் அந்த ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள்.

என் வண்டி முடிய இரண்டரை வருடம் ஆனது. அதில் ஒரு வருடம் முழுக்க வீண். "பழைய காரை முழுசா செஞ்சு தர்ற ஒர்க்‌ஷாப்" எங்கே இருக்கிறது என்று தேடித் திரிந்தேன். நம் மாவட்டத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. பெங்களூரில் கிடைத்தது, ஆனால் அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு டீ கூடக் குடிக்காமல் திரும்பி வந்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது. வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் இங்கேயே இருக்கிறார்கள், ஒரே கூரைக்குக் கீழே இல்லை, அவ்வளவுதான். லாரிக்கும் டிராக்டருக்கும் கிரானைட் மெஷினுக்கும் வேலை பார்க்கிற லேத்காரர், ரேடியேட்டர்காரர், டைனமோ சுற்றுகிறவர் என்று சிதறி இருக்கிறார்கள். யாரை எப்போது பிடிப்பது என்ற வரிசையை நாம் வைத்துக்கொண்டால் செலவு பாதியாகக் குறையும். மேஸ்திரி வேலையை நாமே பார்க்க வேண்டும்.

1. முதலில் ஆர்சி, பிறகு ஸ்பேனர்

சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் துடைத்து, மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். இந்த வயது வண்டிகளில் எப்போதோ இன்ஜினை மாற்றியிருப்பார்கள், ஆர்சியில் ஏற்றியிருக்க மாட்டார்கள். எல்லாச் செலவும் செய்து முடித்த பிறகு இது தெரிய வந்தால் வண்டி கொட்டகையிலேயேதான் ஓடும்.

வண்டி வேறு ஊர் ஆர்டிஓவில் பதிவானதாக இருந்தால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கித்தான் இங்கே மாற்ற முடியும். கிருஷ்ணகிரிக்கு டிஎன் 24, ஓசூருக்கு டிஎன் 70, தருமபுரிக்கு டிஎன் 29. உங்கள் முகவரி எதில் வருகிறது என்று பார்த்து அந்த அலுவலகத்திலேயே கேளுங்கள். புதுப்பித்தல் கட்டணமும் பசுமை வரியும் பழைய வண்டிக்கு ஏறிக்கொண்டே போகின்றன. அந்தத் தொகையை முதல் நாளே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வழக்கமான புதுப்பித்தல். மற்றொன்று 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதி. முதல் பதிவு ஆகி 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு இது கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 என்று விதியில் வைத்தார்கள். பத்து ஆண்டு செல்லும், நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும்தான். கௌரவத்துக்காக விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டு, மாமியார் வீட்டுக்குப் போக முடியவில்லையே என்று புலம்பிய ஒருவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு விண்டேஜ் பதிவு இல்லை. "ஓம்னி இன்ஜின் வச்சிரலாம் அண்ணா, பிரச்சனையே இருக்காது" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆர்சியிலும் இன்ஜின் மாற்றத்துக்கு முன் அனுமதி வேண்டும்.

2. நிற்பது முதலில், ஓடுவது கடைசியில்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இன்ஜினில்தான் ஆரம்பிக்கிறார்கள். சத்தம் கேட்கும் ஆசைதான், வேறென்ன. நான் சொல்லும் வரிசை இது: பிரேக், ஸ்டீயரிங்கும் முன் சஸ்பென்ஷனும், ரேடியேட்டர், பெட்ரோல் பாதை, கரண்ட், கடைசியில் இன்ஜின்.

காரணம் எளிது. முதல் ஐந்து வேலைகளின் செலவு முன்கூட்டியே ஓரளவு கணிக்கக்கூடியது. இன்ஜின் செலவு கணிக்க முடியாதது. கணிக்க முடியாததை முதலில் திறந்தால் பணம் அங்கேயே தீர்ந்துபோகும், பிரேக்குக்கு மிஞ்சாது. ஸ்டார்ட் ஆகும், ஆனால் நிற்காத வண்டி இந்த மாவட்டத்தில் எத்தனையோ கொட்டகையில் கிடக்கிறது.

கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அதைத் தொடாமல் வேலை முடிந்ததாக நான் எங்கும் பார்த்ததில்லை.

3. கையில் இருக்க வேண்டியவை

அங்குல ஸ்பேனர் செட் ஒன்று கட்டாயம். ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13-ஆம் நம்பர் ஸ்பேனரைப் போட்டால் பிடிப்பது போலத்தான் இருக்கும், இறுகிப்போன போல்ட்டில் அழுத்தினால் தலை உருண்டுவிடும். நம் பக்கத்து லாரிப் பட்டறைகளில் எல்லாம் மில்லிமீட்டர் ஸ்பேனர்தான். ஆகவே ஸ்பேனரை நீங்களே எடுத்துப் போங்கள்.

இதைவிட மோசமான தவறு போல்ட்டில் நடக்கும். 5/16 அங்குல போல்ட்டும் 8 மி.மீ போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். மரை வேறு. தொலைந்துபோன போல்ட்டுக்குப் பதிலாக உதவிப் பையன் டப்பாவில் இருந்து ஒன்றை எடுத்து இரண்டு சுற்று கையால் முறுக்குவான், பிறகு ஸ்பேனரால் ஏற்றுவான். மரை போயிற்று. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அது எங்கிருந்து வந்தது என்று எழுதிய பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பதற்கு இதுதான் காரணம்.

இவை தவிர ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளப்பது), வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு நான்கு, டிரையம்ப் ஹெரால்டுக்கான ஒர்க்‌ஷாப் மேனுவலின் அச்சுப் பிரதி. மேனுவல் ஆங்கிலத்தில் இருந்தாலும் மெக்கானிக் படத்தைப் பார்ப்பார். படம் போதும். பிரிக்கும் முன் போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள், குறிப்பாக பிரேக் ஷூ ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பதை.

4. திறக்காமலே நோய் கண்டுபிடிப்பது

இந்தக் கட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவழித்தால் பல ஆயிரம் மிச்சம். "எதுக்கும் திறந்து பார்த்துரலாம்" என்ற பேச்சுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். திறந்த இன்ஜின் யாருக்கும் சும்மா மூடப்படுவதில்லை.

பல வருடம் நின்ற இன்ஜினை நேராக செல்ஃப் அடிக்கக் கூடாது. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி, இரண்டு நாள் விடுங்கள். பிறகு இன்ஜினின் முன்பக்கம் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். துரு பிடித்த சிலிண்டரில் பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும், செல்ஃப் மோட்டாரின் முரட்டுப் பலத்தில் அது உடையும். கையால் சுற்றினால் ஒட்டியது மெதுவாக விடும்.

அடுத்து ஆயிலை வடியுங்கள். பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டையோ ஹெட்டையோ சந்தேகப்படலாம். புது ஆயில் ஊற்றி, பேட்டரி வைத்து, இப்போது கம்ப்ரஷன் பாருங்கள். நான்கு பிளக்கும் கழன்றிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை விட்டாலும் அளவு குறைவாகக் காட்டி உங்களை வீணாகப் பயமுறுத்தும்.

நான்கு சிலிண்டரும் 120 பி.எஸ்.ஐ.க்கு மேல், ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்ஜினை மூடியே வையுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், ரிங் என்றால் கீழே வரைக்கும் போக வேண்டும். செலவு வித்தியாசம் பல மடங்கு.

இந்த இன்ஜின் வம்சத்துக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. ஒருவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னால் நின்று கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் நகர்ந்தால் கிராங்கின் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இது அரை வட்ட வடிவத்தில் இருக்கும் சின்னத் தகடு. அதிகமாகத் தேய்ந்தால் இடத்தை விட்டுக் கழன்று ஆயில் சம்ப்பில் விழும். பிறகு கிராங்க் நேராகப் பிளாக்கையே தின்னும். அந்தக் கட்டத்தில் இன்ஜினே போயிற்று என்று அர்த்தம். புல்லி நகர்ந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு 8-ஆம் பகுதிக்குப் போங்கள். சம்ப்பைக் கழற்றியே இந்த வாஷரை மாற்றலாம் என்பதுதான் ஆறுதல்.

கியர்பாக்ஸில் ஒரு பொய் நோய் உண்டு. 948 சிசி ஹெரால்டில் முதல் கியருக்கு சிங்க்ரோ (உரசாமல் கியர் விழ வைக்கும் அமைப்பு) கிடையாது. வண்டி நகரும்போது முதல் கியர் போட்டால் கரகரக்கத்தான் செய்யும். இதை ரிப்பேர் என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்க வைத்த கதை ஒன்றல்ல, மூன்று எனக்குத் தெரியும்.

5. பாகம் கைக்கு வந்த பிறகே பிரிப்பது

இதுதான் மிக அதிகமாக மீறப்படும் விதி. நானும் மீறினேன். கியர்பாக்ஸை ஒரு பட்டறையில் பிரித்துப் போட்டுவிட்டுப் பாகம் தேடினேன். தேடி முடிக்க நான்கு மாதம். அதற்குள் பட்டறையில் கூட்டிப் பெருக்கி, என் சிங்க்ரோ ரிங் இரண்டு பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அவரைத் திட்டிப் பயனில்லை. நான்கு மாதம் அவருடைய இடத்தில் என் குப்பையை வைத்தது நான்தான்.

தேடும் இடங்கள்: சென்னையில் ஜி.பி. ரோடு புதுப் பாகத்துக்கும், புதுப்பேட்டை பழைய பாகத்துக்கும். ஹெரால்டு சென்னையில் தயாரான வண்டி என்பதால் அங்கேதான் முதல் தேடல். பெங்களூர் ஜே.சி. ரோடு நமக்குக் கிட்ட, காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு ஓசூர் திரும்பிவிடலாம். எங்கே போனாலும் பழைய பாகத்தைக் கையில் கொண்டு போங்கள். பெயரைச் சொன்னால் "ஸ்டாக் இல்லை" என்பார்கள், பொருளைக் காட்டினால் மேலே பரணில் இருந்து எடுப்பார்கள். கடைக்காரருக்கும் அது எந்த வண்டியுடையது என்று தெரிந்திருக்காது.

பிரிட்டனில் கேன்லி கிளாசிக்ஸ் போன்ற கடைகள் டிரையம்ப் பாகங்களை இன்னும் விற்கின்றன. விலை, கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் அனுப்பும் கூலி பங்காகிவிடும். தேடும்போது ஸ்பிட்ஃபயர் பெயரிலும் தேடுங்கள், முன் சஸ்பென்ஷன் பாகங்கள் நிறையப் பொது. ஆனால் இன்ஜின் பாகத்தில் ஏமாறாதீர்கள். 1147 சிசி, 1296 சிசி இன்ஜின்களின் பிஸ்டன் 948-க்குச் சேராது.

இங்கேயே செய்துகொள்ளக்கூடியவை எவை, கூடாதவை எவை என்ற கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள். புஷ், கேஸ்கெட், ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் சிலிண்டருக்கு ஸ்லீவ் (உள்ளே இறுக்கிப் போடும் குழாய்), பின் சக்கர ஹப்பை இழுத்துக் கழற்றும் புல்லர், இவை நம் ஊர் லேத்தில் பிரமாதமாக வரும். பேரிங், திரஸ்ட் வாஷர், முன் சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்க், இவற்றை மட்டும் செய்யக் கொடுக்காதீர்கள். லேத்காரர் திறமைசாலிதான், ஆனால் அவரிடம் அந்த உலோகம் இல்லை.

6. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது

மெக்கானிக்: ஐம்பது வயதைத் தாண்டிய, அம்பாசடரோ பியட்டோ பெட்ரோல் ஜீப்போ செய்து பழகிய ஒருவர் வேண்டும். சேலம் ரோட்டிலோ ராயக்கோட்டை ரோட்டிலோ லாரிப் பட்டறையில் விசாரித்தால், "அந்த வேலையெல்லாம் எங்க குருநாதர்தான் செய்வார், இப்போ வீட்ல இருக்கார்" என்று ஒரு பெயர் வரும். அந்தக் குருநாதர்தான் உங்களுக்கு வேண்டியவர். அவர் வந்து உட்கார்ந்து சொல்லட்டும், இளைஞர் ஒருவர் கையால் செய்யட்டும். இருவருக்கும் தனித்தனி நாள் கூலி கொடுத்தாலும் கம்பெனி ஒர்க்‌ஷாப் பில்லைவிடக் குறைவாகத்தான் வரும்.

அவரைச் சோதிக்க, ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டைப் பற்றிய ஒரே கேள்வி போதும். "பாய், பாயின்ட் கேப் எவ்வளவு வைப்பீங்க?" என்று கேளுங்கள். 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றோ, ஹேக்சா பிளேடு கனத்தைச் சொல்லியோ ஒரு பதில் உடனே வர வேண்டும். "அதெல்லாம் எடுத்துட்டு எலக்ட்ரானிக் போட்டுரலாம் சார்" என்றால் மரியாதையாக விடைபெறுங்கள். எலக்ட்ரானிக் கெட்டது என்பதால் இல்லை. பாயின்ட் வைக்கத் தெரியாதவருக்குக் கார்புரேட்டரும் தெரியாது என்பது என் அனுபவம்.

லேத் பட்டறை: டிராக்டர் இன்ஜினுக்கு போரிங் (தேய்ந்த சிலிண்டர் துளையைச் சீராக வெட்டிப் பெரிதாக்குவது), கிராங்க் கிரைண்டிங் செய்கிற இடமாகப் பாருங்கள். உள்ளே போனதும் சுவரில் போர் கேஜ், மைக்ரோமீட்டர் தொங்குகிறதா என்று கவனியுங்கள். ஓசூரில் தொழிற்சாலைகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் நிறைய. அளவு சுத்தத்தில் அவர்கள் கை நன்றாக இருக்கும், ஆனால் ஒற்றை வேலையை எடுக்க யோசிப்பார்கள். சனிக்கிழமை மாலை போய்க் கேளுங்கள். மே, ஜூன், ஜூலையில் கிருஷ்ணகிரி லேத்துகளில் மாங்கூழ் ஆலைகளின் அவசர வேலை வந்து குவியும். அந்த நேரத்தில் உங்கள் சிலிண்டர் பிளாக் மூலையில் கிடக்கும். மற்ற மாதங்களில் கொடுங்கள்.

ரேடியேட்டர்காரரும் ஆட்டோ எலக்ட்ரீஷியனும் எளிதில் கிடைப்பார்கள். அதில் சொல்ல அதிகம் இல்லை.

கூலி பேசும் முறை: மொத்தமாகப் பேசாதீர்கள். பிரிப்பதற்கு ஒரு தொகை, பூட்டுவதற்கு ஒரு தொகை, நடுவில் லேத் வேலையை நீங்களே நேரில் கொடுத்து நீங்களே வாங்குங்கள். பிரித்த பாகமெல்லாம் அன்றைக்கு மாலையே உங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மொத்தக் காண்டிராக்ட் பேசிப் பாதியை அட்வான்ஸாகக் கொடுத்தால், நாளை வரும் லாரிக்காரர் முன் உங்கள் வண்டி எப்போதும் இரண்டாவது இடத்தில்தான் நிற்கும். அதுவும் நியாயம்தான். லாரி நின்றால் ஒரு குடும்பத்தின் சோறு நிற்கிறது.

7. வேலை வரிசை

பிரேக். ஹெரால்டின் பழைய அமைப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. எங்கே ஒழுகினாலும் நான்கும் போய்விடும். ஆகவே மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், பைப் அனைத்தையும் ஒரே தடவையில் முடியுங்கள். குழி விழுந்த சிலிண்டருக்கு லேத்தில் ஸ்லீவ் போட்டுப் புது ரப்பர் கிட் மாட்டலாம். பைப்புக்குச் செம்புக் குழாய் வளைக்க எளிது என்று சிலர் அதையே போடுவார்கள். அதிர்வில் செம்பு இறுகி, விளிம்பில் விரிசல் விடும். பிரேக்குக்கென்று விற்கும் ஸ்டீல் பைப்பே போடச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் தவிர வேறு எந்த எண்ணெயும் உள்ளே போகக் கூடாது. ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் போனாலும் ரப்பர் ஊதிவிடும். ஹேண்ட் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க வைப்பதும் இந்த வேலையிலேயே அடக்கம், ஏனென்றால் கால் பிரேக் போனால் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

முன் சஸ்பென்ஷன். இங்கே ஒரு விஷயத்தை மட்டும் தலையில் ஏற்றிக்கொள்ளுங்கள். முன் சக்கரம் திரும்பும் அடி மூட்டு, டிரன்னியன் என்பார்கள், பித்தளை போன்ற உலோகம். அதற்கு கியர் ஆயில்தான் போட வேண்டும், 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கூடாது. நிப்பிள் இருப்பதைப் பார்த்ததும் சர்வீஸ் ஸ்டேஷன் பையன் கிரீஸ் கன்னை வைத்துவிடுவான். கிரீஸ் மரைக்குள் போகாமல் மேலேயே நின்று கெட்டியாகும், உள்ளே காய்ந்து தண்ணீர் சேரும், வெர்டிகல் லிங்க் துருப்பிடித்து ஒரு நாள் மரை இருக்கும் இடத்தில் முறியும். சக்கரம் படுத்துவிடும். என் வண்டியில் நிப்பிள் அருகே சிவப்புப் பெயின்டில் 'கிரீஸ் வேண்டாம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். பல வருடம் கிரீஸ் மட்டுமே பார்த்த லிங்க்கை நம்ப வேண்டாம், கழற்றி மரையைச் சுத்தம் செய்து விரிசல் பாருங்கள்.

பின் அச்சு. ஆக்சில் ஷாஃப்ட் கிராஸ்களை அசைத்துப் பாருங்கள். கிளட்ச் விடும்போது 'டங்' என்று சத்தம் வந்தால் அவைதான். பின் ஹப் கூம்பு வடிவ ஷாஃப்டில் இறுகி இருக்கும். சுத்தியலால் அடித்துக் கழற்றப் பார்த்தால் ஹப் வளையும், ஷாஃப்ட் முனை மடங்கும். லேத்தில் கெட்டியாக ஒரு புல்லர் செய்து, இறுக்கி வைத்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். பொறுமைதான் கழற்றும்.

கிளட்ச். இதற்காக இன்ஜினை இறக்க வேண்டாம். ஹெரால்டில் முன் சீட்டையும் நடு மூடியையும் எடுத்துவிட்டால் கியர்பாக்ஸ் காருக்குள் இருந்தே வெளியே வரும். இது தெரியாமல் செயின் புல்லி கட்டி இன்ஜினைத் தூக்கும் ஏற்பாடு நடக்கும். மேனுவல் படத்தைக் காட்டுங்கள்.

ரேடியேட்டர், பெட்ரோல், கரண்ட். செம்பு ரேடியேட்டரை ராடு விட்டுச் சுத்தம் செய்து ஈயம் வைத்துக்கொள்ளலாம், அலுமினியத்துக்கு மாற அவசியம் இல்லை. நம் போர்வெல் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்புப் படிந்து மறுபடி அடைக்கும்.

பெட்ரோல் விஷயம் கொஞ்சம் கவனம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் அதில் இளகும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் துரு வரும். நிறுத்தப் போகிறீர்கள் என்றால் வடித்துவிடுங்கள். பெட்ரோல் ஹோஸில் இளக்கம் என்பது தீ பிடிக்கும் காரியம், அதனால் எக்ஸாஸ்ட் பக்கம் ஒட்டி ஓடும் ஹோஸை முதலில் மாற்றுங்கள்.

கரண்டில், பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். அந்தக் கால டிரையம்ப் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் சகஜம். பழக்கதோஷத்தில் மைனஸைப் பாடிக்குக் கொடுத்தால் டைனமோ சார்ஜிங் குழம்பும்.

டயர் ஒன்றுதான் இதில் சுலபம். 13 அங்குல ரிம் என்பதால் 145/80 ஆர்13 எந்த டயர் கடையிலும் கிடைக்கும். பழைய ரிம்முக்கு டியூப் போட்டே ஓட்டுங்கள்.

8. இன்ஜினைத் திறந்தே ஆக வேண்டும் என்றால்

அளந்த பிறகு வாங்குங்கள். போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 63 மி.மீ. லேத்காரர் அளந்து, 20 தௌ வெட்ட வேண்டுமா 30 தௌவா என்று சொன்ன பிறகு, அந்த அளவு பிஸ்டன் செட் கைக்கு வந்த பிறகே போரிங். பிஸ்டனை அவரிடம் கொடுத்து, அந்த பிஸ்டனுக்கு ஏற்ப வெட்டச் சொல்லுங்கள். 30 தௌ வெட்டிவிட்டு அந்த அளவில் பிஸ்டன் கிடைக்காமல், கடைசியில் ஸ்லீவ் போட்டு மறுபடி பழைய அளவுக்கு வந்தவர் ஒருவர் இருக்கிறார். இரண்டு கூலி.

ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கெட்டியான சீட் வளையம் போடச் சொல்லுங்கள். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. நாட்டில் அது 2000-த்தோடு நின்றுவிட்டது. ஈயம் இல்லாவிட்டால் வார்ப்பிரும்பு சீட் சிறுகச் சிறுகத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். டிராக்டர் ஹெட்டுக்கு வளையம் போடுகிறவருக்கு இது தினசரி வேலை.

திரஸ்ட் வாஷர் மாட்டும்போது காடி உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் உட்காரும், அதுதான் ஆபத்து. மாட்டிய பிறகு கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி ஃபீலர் கேஜில் பாருங்கள். 4 முதல் 6 தௌ ஆட்டம் இருக்கலாம். பூட்டும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருங்கள், லீவு போட்டாவது.

வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி, குளிர்ந்த இன்ஜினில் 10 தௌ. எட்டு வால்வுக்கும் ஒரு சுலபக் கணக்கு உண்டு: ஒன்றாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாம் வால்வின் இடைவெளியை வையுங்கள், இரண்டு திறந்திருக்கும்போது ஏழு, கூட்டினால் எப்போதும் ஒன்பது.

9. முதல் ஓட்டம்

காலை ஆறு மணிக்கு, கே.ஆர்.பி. அணைப் பக்கம் போய் வாருங்கள். தூரம் குறைவு, வழியில் நிறுத்த இடம் உண்டு. முதல் இரண்டு கிலோமீட்டருக்குப் பிறகு நிறுத்தி நான்கு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் காவேரிப்பட்டணம் வரை. நெடுஞ்சாலைக்கு அவசரப்பட வேண்டாம், லாரிகளின் வேகத்துக்கு இந்த வண்டியின் பிரேக் ஈடு கொடுக்காது.

தொப்பூர் கணவாய்ப் பக்கம் போக இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம். நீண்ட இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறிக் கைவிடும். அதோடு இந்தப் பின் அச்சில், வளைவில் வேகமாகப் போய்விட்டு ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின் சக்கரம் உள்வாங்கி வண்டி வால் வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக மிதித்தபடியே போகும் பழக்கம் வர ஆயிரம் கிலோமீட்டராவது ஆகும்.

இன்ஜின் திறந்த வண்டி என்றால் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். பித்தளை நிற மினுமினுப்பு தெரிந்தால் புஷ் அல்லது திரஸ்ட் வாஷர், ரோட்டில் இறங்கும் முன் மறுபடி கிளட்ச் மிதித்து புல்லியைப் பாருங்கள். எதுவும் இல்லாவிட்டால் ஹெட் போல்ட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கு ஒருமுறை இறுக்கி, எட்டு வால்வையும் மறுபடி வைத்து, பானெட்டை மூடுங்கள்.